சுங்குவார்சத்திரத்து மாடியில் ஒரு டைனோசர்

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் நானும் அவளும் மூன்று வருடம் சேர்ந்து இருந்தோம். இருவருக்கும் ஒரே கம்பெனி. செல்போன் தயாரிக்கிற இடம். நான் உத்திரமேரூர் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டேன். பூதக்கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்னப் பாகங்களை வைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அவள் திருநெல்வேலிப் பக்கம். விலங்கியல் படித்து பி.எட்.டும் முடித்தவள். டீச்சர் வேலை அமைகிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு லைனுக்கு வந்து, எனக்கு அடுத்த இடத்தில் நின்று திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாங்கள் சமைப்போம். மற்ற நாளெல்லாம் கம்பெனி கேன்டீன். அந்த ஞாயிறு அரைக் கிலோ கோழி வாங்கி வந்து, குளியலறைக் குழாயடியில் உட்கார்ந்து நான் கழுவிக்கொண்டிருந்தேன். நெஞ்சுப் பகுதியில் கவட்டை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு கையில் இடறியது. பிய்த்து எறியப் போனேன்.

"ஏட்டி, அதப் போட்டுறாத" என்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு எழுந்து வந்தாள். அந்த எலும்பை வாங்கிக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நம்ம ரெண்டு காறை எலும்பு இருக்குல்லா, கழுத்துக்குக் கீழ, குறுக்க? அது ரெண்டும் ஒண்ணா ஒட்டுனா இப்படித்தான் வரும். இது பறவைக்குத்தான் இருக்கும்னு ரொம்ப நாளா நெனச்சாவ. பொறவு பாத்தா டைனோசருக்கும் இருந்துருக்கு."

நான் சிரித்துவிட்டேன். "டைனோசரா? இன்னாடி சொல்றே? அது பல்லி மாதிரி, இம்மாம் பெருசா இருக்கும். இது அரைக் கிலோ."

"எல்லாம் பெருசு கெடையாது. கோழி அளவுக்கு உள்ளதும் இருந்துச்சு. இறகோடவே இருந்துச்சு."

"சரி, அப்ப கோழியோட பாட்டன் முப்பாட்டன் டைனோசருன்றே."

"பாட்டன் இல்லட்டி. கோழியே டைனோசர்தான். வானத்துலருந்து பாறை விழுந்து, பெருசெல்லாம் செத்துப்போச்சு. சின்னதுல ஒரு கூட்டம் தப்பிச்சுருச்சு. அந்தக் கூட்டத்தத்தான் நீ இப்பக் கழுவிக்கிட்டு இருக்க."

எனக்குக் கையில் இருந்த கறியைப் பார்க்கவே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் மசாலா அரைத்து, குழம்பு வைத்து, சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லைனில் அவள் வாய் திறக்கவே மாட்டாள். சூப்பர்வைசர் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் ஒரு பதில் வரும். நான்கூட முதல் ஆறு மாதம் அவளை உம்மணாமூஞ்சி என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எலும்பு, முட்டை, பூச்சி என்று எதையாவது கையில் எடுத்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். கண் பெரிதாகும். குரல் மேலே போகும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளைப் பேச வைப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்துவிடும். நாங்கள் பஸ் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் புதுக் கம்பெனி ஒன்றுக்காக நிலத்தை மட்டப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பகல் ஷிப்டு முடிந்து இறங்கும்போது, மண் வாரும் இயந்திரத்துக்குப் பின்னாலேயே பத்துப் பதினைந்து கொக்குகள் நடந்து போவதைப் பார்ப்போம். புரட்டிய மண்ணில் புழு பொறுக்கும். ஒரு மழை நாளுக்கு மறுநாள் அவள் என்னை இழுத்துக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கினாள். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒரு சின்ன விரல் என்று கொக்கின் கால்தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

"இதே மாதிரி மூணு விரல் தடம், மொறம் அளவுக்குப் பெருசா, பாறையில இருக்கு. மொதல்ல பாத்தவங்க ஏதோ பூதாகாரமான பறவையோட காலுன்னே நெனச்சாங்களாம்" என்றாள். பிறகு காலால் அந்தக் களிமண்ணைக் கிளறிப் பார்த்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் களிக்கல்லில் டைனோசர் காலத்து இலைகளின் அச்சு கிடைத்திருப்பதாகக் கல்லூரியில் படித்தாளாம். ஒன்றும் அகப்படவில்லை. செருப்பு இரண்டும் ஒரு கிலோ கனத்தன. அப்படியே வீட்டுக்குப் போய் மாடிப்படியெல்லாம் சேறாக்கி, வீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்கினோம்.

வீட்டுக்காரம்மா கீழ்வீட்டில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். மகன் ஒரகடத்தில் லாரி கம்பெனியில் வேலை. மருமகளுக்கு அப்போது ஏழு மாதம். கொல்லையில் ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்த்தார். நல்ல மனுஷிதான், ஆனால் சந்தேகம் அதிகம். மாடியில் யார் வருகிறார்கள், எதற்குச் சிரிக்கிறோம், எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு முழுக் கோழியின் எலும்புக்கூட்டைச் செய்ய வேண்டும் என்று அவள் சொன்னபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிடிவாதம் பிடித்தாள். பிராய்லர் கோழி உதவாதாம். அது வளர்ந்து முடிவதற்குள் வெட்டிவிடுகிறார்களே, எலும்பு முனையெல்லாம் குருத்தாகவே இருக்குமாம். வயதான நாட்டுக்கோழியாக வேண்டும், வெட்டாமல் முழுதாக வேண்டும் என்று கறிக்கடையில் போய் நின்றோம்.

"தலை, காலு எல்லாம் அப்டியே வேணுமா? சூப்புக்கா?" என்றார் கடைக்காரர்.

"படிக்கதுக்கு" என்றாள் அவள்.

அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு உரித்துக் கொடுத்தார்.

கறியை வீணாக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. இரண்டு மணி நேரம் வேகவைத்து, கறியை எல்லாம் பிய்த்துக் குழம்பில் போட்டோம். ஒரு எலும்பைக்கூடக் கடிக்காமல் நாங்கள் சாப்பிட்ட கோழி அது ஒன்றுதான். பிறகு எலும்புகளைச் சோப்புத்தூள் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். மருந்துக்கடையில் புண் கழுவுகிற மருந்து வாங்கி அதில் போட்டதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. மொட்டைமாடியில் பழைய துணியை விரித்து, தலை, கழுத்து, விலா, இறக்கை, கால் என்று வரிசையாக அடுக்கிக் காயவைத்தாள். கையில் கொழுப்பு நாற்றம் போகவில்லை என்று எலுமிச்சம்பழத்தை அறுத்து நாங்கள் தேய்த்துக்கொண்டோம். அறுத்த பாதி இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டோம். விரித்த துணி சிவப்பு என்பதோ, அன்றைக்கு அமாவாசை என்பதோ எங்கள் இருவருக்கும் ஞாபகத்தில் இல்லை.

அரை மணி நேரத்தில் மாடியிலிருந்து ஒரு அலறல். துணி எடுக்கப் போன வீட்டுக்காரம்மா.

நாங்கள் ஓடினோம். அவர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யாருக்குடி வெச்சீங்க? உண்மைய சொல்லுங்கடி. யாருக்கு வெச்சீங்க?"

"அம்மா, அது கோழி…"

"கோழின்னு எனக்குத் தெரியாதா? செவப்புத் துணி, எலுமிச்சம்பழம், அமாவாசை. வவுத்துப் புள்ளைக்காரி கீற வூட்ல இன்னாடி பண்ணிகினு கீறீங்க? இன்னைக்கே வூட்டக் காலி பண்ணுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஊரில் இரண்டு பெண்களுக்கு வேறு அறை தேடுவது சின்ன விஷயமில்லை. ஆனால் லைனில் வாயே திறக்காத என் தோழி, நேராகப் போய் அந்தத் துணிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இறக்கை எலும்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அம்மா, நான் டீச்சருக்குப் படிச்சவ. இது பாடத்துக்கு. பயப்படாம கிட்ட வந்து பாருங்க. இது இறக்கை. உள்ள பாருங்க, கை. இது ஒரு விரலு, இது ஒண்ணு, இது ஒண்ணு. மூணு விரல் ஒண்ணா ஒட்டியிருக்கு."

அவர் வரவில்லை. அவள் விடவும் இல்லை. தன் கையை நீட்டி முழங்கை, மணிக்கட்டு என்று காட்டிக் காட்டி, எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மா ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு இன்னொரு அடி. முப்பது வருடமாகக் கோழி வளர்த்து, அடித்து, சமைத்தவர். திடீரென்று குனிந்து ஒரு எலும்பை எடுத்தார்.

"இத ஏன் இந்தப் பக்கம் வெச்சிக்கீறே? இது எடது தொடை. முட்டி இப்டித்தான் திரும்பும்."

அவள் வாங்கிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "ஆமா! நீங்க சொல்லுததுதான் சரி."

அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். எலுமிச்சம்பழத்தை மட்டும் நான் எடுத்து எறிய வேண்டியிருந்தது. டைனோசர் கதையை அவள் முதலிலிருந்து சொன்னாள். இறகு முதலில் வந்தது குளிருக்குத்தான், பறப்பதற்கு இல்லை, நீள வால் எப்படிக் குறுகிப்போனது, எலும்புக்குள் எப்படிக் காற்று நிறைந்தது, எல்லாம். அவர் நம்பவில்லை. "சும்மா கத வுடாத" என்று இரண்டு தரம் சொன்னார். அப்போதுதான் அவள் அந்த முட்டை விஷயத்தைச் சொன்னாள். எங்கோ ஒரு பாலைவனத்தில் ஒரு டைனோசர் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார்களாம். அதற்குக் கீழே வட்டமாக முட்டைகள். இரண்டு கையையும் விரித்து, முட்டைகளை மூடினாற்போல் உட்கார்ந்த நிலையிலேயே அது மண்ணுக்குள் போயிருந்ததாம்.

வீட்டுக்காரம்மா இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"அடைக்கு உக்காந்துச்சா அது?"

"ஆமாம்மா."

"மண்ணு வந்து மூடுற வரைக்கும் எய்ந்துக்கலையா?"

"எந்திரிக்கல."

"தாய் இல்ல?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"அப்பனாக்கூட இருக்கலாம்னு சொல்லுதாவம்மா. சில பறவையில அப்பன்தான் அடைகாக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்பனா? நல்லா சொன்னே போ. எங்க வூட்டு மனுசன் ஒரு நாளு பால் காச்ச மாட்டாரு." எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். "காக்கா வரும். மேல ஏதாச்சும் மூடி வையி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வீட்டைக் காலி செய்கிற பேச்சு அதோடு நின்றது.

அவர் சொன்னபடியே காக்கை வந்தது. நாங்கள் மூடுவதற்கு ஏதாவது தேடி இறங்கி ஏறுவதற்குள், வலது காலின் நீள எலும்பைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்தது. நான் கல்லைத் தேடினேன். அவள் அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு டைனோசர் காலை இன்னொரு டைனோசர் தூக்கிட்டுப் போவுது பாரு" என்றாள். அப்படிச் சிரித்தோம், வயிறு வலிக்கும் வரைக்கும். அடுத்த ஞாயிறு இன்னொரு கோழி வாங்கி அந்தக் காலை ஈடுகட்டினோம். அது கொஞ்சம் நீளம். அதனால் எங்கள் கோழி கடைசி வரைக்கும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது.

கோர்த்து முடிக்க இரண்டு மாத ஞாயிறுகள் ஆயின. மெல்லிய கம்பி, பசை, ஃபிரிட்ஜ் பெட்டியிலிருந்து எடுத்த தெர்மாகோல். கழுத்துக்கு மட்டும் பதினாலு துண்டு. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அவளுக்கு வரிசை பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. நாள் முழுக்க நூலளவு வித்தியாசம் தேடுகிற கண் அல்லவா? இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் பார்த்து, அடுத்ததோடு பொருத்தி வைத்தேன். பதினாலும் சேர்ந்து வளைந்து நின்றபோது அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "நீயும் படிச்சிருக்கணும்ட்டி" என்றாள். அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோழி நின்ற பத்தாவது நாள், ஒரகடம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. ஷிப்டு முடிவது இரண்டு மணிக்கு. அறைக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. வேறு வழியில்லாமல் எலும்புக்கூட்டை அட்டைப்பெட்டியில் வைத்துக் கம்பெனிக்கே கொண்டு போனோம். பஸ்ஸில் யார் இடித்துவிடுவார்களோ என்று வழி முழுக்க நான் கையை அணைபோட்டு வந்தேன்.

எங்கள் கம்பெனி வாசலில் சோதனை அதிகம். ஒரு துண்டு கம்பி உள்ளே போகாது, வெளியே வராது. மீசை வைத்த செக்யூரிட்டி ஒருவர் பெட்டியைத் திறந்தார். திறந்த வேகத்தில் பின்னால் போனார்.

"இன்னாம்மா இது?"

"கோழி சார்" என்றேன் நான்.

"டைனோசர் சார்" என்றாள் அவள்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. நான் ரிஜிஸ்டர்ல இன்னான்னு எழுதறது?"

பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் இரண்டே நிமிடத்தில் அவருக்குப் பாடம் நடத்தினாள். கவட்டை எலும்பு, மூன்று விரல், கால். அவர் உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனால் பெட்டியைத் தன் அறையில் மேசைக்கு மேல் பத்திரமாக வைத்துக்கொண்டார். இரண்டு மணிக்கு நாங்கள் ஓடி வந்தபோது, அந்த அறையில் நான்கு செக்யூரிட்டிகளும் இரண்டு பஸ் டிரைவர்களும் குனிந்து நின்றிருந்தார்கள். மீசைக்காரர் பேனாவால் காட்டிக்கொண்டிருந்தார். "இத்த பாரு, இது கையி. மூணு வெரலு. இது கோயியே இல்லப்பா. டைனோசரு." ரிஜிஸ்டரில் 'பள்ளிக்கூடப் பொருள் ஒன்று' என்று எழுதியிருந்தார். பெட்டியைக் கொடுக்கும்போது, "நல்லா பண்ணும்மா" என்றார்.

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம். பள்ளிக்கூடத்தில் என்னை உள்ளே விடவில்லை. தாழ்வாரத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்பு. முதலில் அவள் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. லைனில் பேசுவது மாதிரிதான் பேசினாள். போச்சு என்று நினைத்தேன். பிறகு பெட்டியைத் திறந்திருப்பாள் போலிருக்கிறது. ஓவென்று சத்தம். அதற்குப் பிறகு அவள் குரல் மொட்டைமாடிக் குரலாக மாறிவிட்டது. தொட்டுப் பாருங்க, மெதுவா, எல்லாரும் வாங்க என்றாள்.

ஒரு பெண் குழந்தை எழுந்து கேட்டது: "மிஸ், அப்ப நாங்க ஞாயித்துக்கிழமை சாப்புடறது டைனோசரா மிஸ்?"

"ஆமா."

"எங்கம்மா கிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க மிஸ்."

"எலும்பக் காட்டிச் சொல்லு. நம்புவாங்க."

வகுப்பே சிரித்தது. அவளை மிஸ் என்று யாராவது கூப்பிட்டு அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை எடுக்கவில்லை. இங்கிலீஷ் போதவில்லை என்று போனில் சொன்னார்கள். அவள் அழவில்லை. அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள், அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல லைனில் நின்று திருகாணி முடுக்கினாள். வீட்டுக்காரம்மாவுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "அவனுங்களுக்குக் கோயிய பத்தி இன்னா தெரியும்?" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு மாதம் கழித்து அவள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று மதியம் அவள் துணிமணிகளை ஒரே பையில் திணித்தாள். எலும்புக்கூட்டுக்கு மட்டும் தனிப் பெட்டி, சுற்றிலும் பஞ்சு. ஊருக்குப் போகிற பஸ் ஏற்றிவிட, டவுன் பஸ்ஸில் நானும் கூடப் போனேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரமாகப் போகும்போது, தண்ணீருக்கு மேலே கூழைக்கடாக்கள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. பெரிய இறக்கை, அசைக்காமல் மிதந்தன.

"பாருட்டி" என்றாள்.

"பாத்துகினுதான் கீறேன்" என்றேன்.

ஊர் பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிடாமத் தூங்கிராத, ஞாயித்துக்கிழமை சமை" என்று என்னென்னவோ சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரமே அவள் இடத்துக்குத் தர்மபுரிப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். நல்லவள்தான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, கறி கழுவும்போது எதையும் பார்க்க மாட்டாள். இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆகி, ஒரகடத்தில் வேறு கம்பெனிக்கு மாறினேன். இப்போது லைன் லீடர். எனக்குக் கீழே இருபது பெண்கள் நிற்கிறார்கள். அவர்களில் யார் என்ன படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுவேன். வேதியியல் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள், வரலாறு படித்தவள் ஒருத்தி. சாப்பாட்டு இடைவேளையில் அவர்களைப் பேச வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவள் மாதத்துக்கு ஒரு தரமாவது கூப்பிடுவாள். போன மாதம் கூப்பிட்டபோது எலும்புக்கூட்டின் கழுத்து உடைந்துவிட்டது என்றாள். பிள்ளைகள் தொட்டுத் தொட்டே உதிர்த்துவிட்டார்களாம்.

"பதினாலு துண்டும் இருக்கு. ஆனா எனக்கு வரிசை தெரியல. லீவு போட்டுட்டு வாயேன், ரெண்டு நாளு."

"போட்டோ எடுத்து அனுப்பு, சொல்றேன்" என்றேன்.

"போட்டோல எல்லாம் முடியாது. நீ நேர்ல வா" என்றாள்.

லீவு கேட்டிருக்கிறேன். கம்பெனியில் இன்னும் பதில் சொல்லவில்லை.